ஒப்பந்தம் செய்யும் தலைநகரம், சுமக்கும் கடற்கரை: சுப. உதயகுமாரன் பொதுவாழ்வு எழுப்பும் கேள்வி

ஓர் அரசு இன்னோர் அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அதன் பலனும் பாரமும் ஏதோ ஒரு தாலுகாவில் வந்து இறங்குகின்றன. கையெழுத்திடும் முன் அந்தத் தாலுகாவின் மக்களைக் கேட்க வேண்டுமா? கேட்டால், அவர்கள் சொல்லும் பதிலுக்கு எவ்வளவு எடை? மனித உரிமையும் வெளியுறவுக் கொள்கையும் பொதுவாகத் தனித்தனித் துறைகளாகவே பேசப்படுகின்றன. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியான ராதாபுரம் வட்டாரத்தில், கூடங்குளம் அணுமின் நிலையத்தால் அவை இரண்டும் ஒரே பிரச்சினையாயின. அந்த இணைப்பைத் தம் பொதுவாழ்வின் மையமாக்கிக்கொண்டவர் சுப. உதயகுமாரன். அவருடைய செயல்பாட்டை முன்வைத்து, இந்தக் கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளையும் அவற்றின் வேர்களையும் குறைகளையும் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மாவட்டத்தின் பழைய நினைவு

இந்தக் கேள்வி அணுஉலையோடு பிறந்ததல்ல. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, கடல் வாணிபத்தில் யாருக்கு உரிமை என்பதே விவாதப் பொருளாயிற்று. 1908 மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி நகரம் கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தண்டனைக்கு அடிப்படையான பிரிவுகளில் ஒன்று, அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 124-ஏ.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2011க்கும் 2014க்கும் இடையில், அதே பிரிவு அதே மாவட்டத்தின் கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது பதிவாயிற்று. இரு காலங்களும் ஒன்றல்ல. முன்னது அந்நிய ஆட்சி. பின்னது தேர்தலில் வென்ற அரசு. ஆனாலும் தொலைதூரத் தலைநகரம் எடுத்த பொருளாதார முடிவை உள்ளூர் மறுத்தபோது, அந்த மறுப்பை அரசு எதிர்ப்பாகப் படித்த சட்டம் ஒன்றே. இந்த ஒற்றுமையைக் கடந்து போக முடியாது.

இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே

1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் மிகாயில் கோர்பச்சேவும் செய்துகொண்ட ஒப்பந்தம், தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு சோவியத் உலைகளைக் கூடங்குளத்தில் அமைக்க வழிசெய்தது. செர்னோபில் விபத்து நடந்து அப்போது மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. உலைகளுக்கான நன்னீரைக் குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை அணையிலிருந்து எடுக்கும் திட்டமும் இருந்தது. அணைநீரை நம்பிய விவசாயிகள் எதிர்த்தனர். 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் முடிந்த தேசிய மீனவர் பேரணியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பின்னர் பேச்சிப்பாறைத் திட்டம் கைவிடப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வளாகத்துக்குள்ளேயே அமைந்தது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் திட்டம் முடங்கியது. அதற்கு உயிர் தந்தது 1998 ஜூன் 21 அன்று ரஷ்யாவுடன் கையெழுத்தான துணை ஒப்பந்தம். பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்து ஆறே வாரங்கள் ஆகியிருந்தன. அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்திருந்தது. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவின் 1992 விதிகளுக்கு இது முரணானது என்று அமெரிக்கா ஆட்சேபித்தது. மூல ஒப்பந்தம் 1988இலேயே ஆனதால் அந்த விதிகள் தம்மைக் கட்டுப்படுத்தா என்றது ரஷ்யா. ஆக, கூடங்குளம் மின்திட்டம் மட்டுமல்ல; உலக அரங்கில் இந்தியா தனிமைப்பட்டிருந்த நேரத்தில் கிடைத்த ராஜதந்திர ஆதரவும்கூட.

இந்த இரு ஒப்பந்தங்களுக்கும் இடையில் மாறிய விதிகளில் ஒன்று ராதாபுரத்துக்கு மிக முக்கியமானது. பயன்படுத்தி முடித்த எரிபொருளைச் சோவியத் நாடு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது முதல் ஏற்பாடு. 1998க்குப் பிறகு அது இந்தியாவிலேயே தங்கும் என்றாயிற்று. மறுசுழற்சி செய்து எடுக்கக்கூடிய புளூட்டோனியம் நாட்டின் அணுத்திட்டத்துக்குச் செல்வம் என்பது டெல்லியின் பார்வை. பல்லாயிரம் ஆண்டு கதிரியக்கம் உடைய பொருளுக்குக் காவல் இருக்க வேண்டிய கட்டாயம் என்பது கரையோரத்தின் பார்வை. அந்த மாற்றத்தைப் பற்றிக் கரையோர ஊர்களான இடிந்தகரையிலோ கூட்டப்புளியிலோ யாரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி 1989இலேயே பெறப்பட்டிருந்ததால், பின்னர் சட்டமான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் முதல் இரண்டு உலைகளுக்கு நடக்கவில்லை.

ஒரு பொதுவாழ்வின் பாதை

1959இல் நாகர்கோவிலில் பிறந்த உதயகுமாரன், 1981 முதல் 1987 வரை எத்தியோப்பியாவில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் அமைதிக் கல்வி பயின்று, ஹவாய் பல்கலைக்கழகத்தில் அரசறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இனமும் வறுமையும் பற்றிய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார். 2001இல் உருவான அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளரானார். 2002 மார்ச் 31 அன்று உலைக் கட்டுமானம் தொடங்கியது.

பத்தாண்டுகள் இயக்கம் சிறு கூட்டங்களாகவும் துண்டறிக்கைகளாகவுமே இருந்தது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நேர்ந்த விபத்து நிலைமையை மாற்றியது. 2004 ஆழிப்பேரலையைப் பார்த்த கடற்கரை அது; அலை என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் 11 அன்று இடிந்தகரை லூர்து மாதா ஆலயப் பந்தலில் 127 பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினர். செப்டம்பர் 22 அன்று தமிழக அமைச்சரவை, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தக் கோரித் தீர்மானித்தது. 2012 மார்ச் 19 அன்று அதே அமைச்சரவை திட்டத்துக்கு இசைவு தந்து, 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம் அறிவித்தது. வட்டாரத்தில் 144 தடையுத்தரவு வந்தது. செப்டம்பர் 10 அன்று உலையை நோக்கிக் கடற்கரை வழியே திரண்டவர்கள் மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. அன்று மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார்.

2014 மக்களவைத் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சியின் வேட்பாளர்களாகக் கன்னியாகுமரியில் உதயகுமாரனும், தூத்துக்குடியில் இயக்கத் தோழர் புஷ்பராயனும், திருநெல்வேலியில் இன்னொரு தோழர் ஜேசுராஜும் நின்றனர். மூவரும் தோற்றனர். உதயகுமாரன் பின்னர் அக்கட்சியை விட்டு விலகிப் பச்சைத் தமிழகம் கட்சியைத் தொடங்கினார். பல்லாயிரம் பேரைத் திரட்டிய இயக்கம் வாக்குச்சாவடியில் அந்த வலுவைக் காட்ட இயலாமல் போனது, கீழே வரும் நிலைப்பாடுகளை எடைபோடும்போது மனத்தில் வைக்க வேண்டிய செய்தி.

முதல் விடை: வெளியுறவு ஒன்றியத்தின் பொறுப்பு

அரசியலமைப்பின்படி அயல்நாட்டு ஒப்பந்தமும் அணுசக்தியும் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. ஒப்பந்தம் செய்ய நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. நாட்டின் நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பதானால் அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று 1960இல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. அதைத் தவிர்த்த ஒப்பந்தங்களில் நிர்வாகத்துக்குப் பெரும் சுதந்திரம் உண்டு. நாடு ஒரே குரலில் பேசினால்தான் பிற நாடுகள் நம்பும், ஒவ்வொரு வட்டாரமும் மறுப்புரிமை கேட்டால் எந்த வாக்குறுதியும் நிற்காது என்பது இந்நிலைப்பாட்டின் வலுவான வாதம்.

இதன் குறையைக் கச்சத்தீவு காட்டுகிறது. அத்தீவு குறித்து இலங்கையோடு செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் தமிழகத்தின் எதிர்ப்பை மீறி, அரசியலமைப்புத் திருத்தமும் இல்லாமல் நிறைவேறின. அரை நூற்றாண்டு கடந்தும் ராமேஸ்வரம் மீனவர் வாழ்வில் அந்தச் சர்ச்சை முடியவில்லை. கேட்காமல் எடுத்த முடிவு அன்றைக்குச் சச்சரவைத் தவிர்க்கிறது. பின்னாளில் அது வேறு வடிவில் திரும்பி வருகிறது.

இரண்டாம் விடை: வளர்ச்சியின் தேவை

2011, 2012ஆம் ஆண்டுகளில் தமிழகம் கடும் மின்வெட்டில் தவித்தது. சிறுதொழில்கள் முடங்கின. 2011 நவம்பரில் கூடங்குளம் வந்த அப்துல் கலாம் உலை பாதுகாப்பானது என்று அறிவித்து, வட்டாரத்துக்கான வளர்ச்சித் திட்டம் ஒன்றையும் முன்வைத்தார். நிலக்கரிப் புகை இல்லாத, காற்றும் வெயிலும் ஓய்ந்த நேரத்திலும் கிடைக்கும் மின்சாரம் என்ற வாதத்தைக் காலநிலை நெருக்கடி இன்று மேலும் கனமாக்கியிருக்கிறது. அதை உணர்ச்சியால் மட்டும் தள்ளிவிட முடியாது.

ஆனால் அவசரம் என்ற வாதத்துக்கு நாள்காட்டி முழுத் துணை செய்யவில்லை. முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைந்தது. வணிக உற்பத்தி என அறிவிக்கப்பட்டது 2014 டிசம்பர் 31 அன்றுதான். இரண்டாம் உலை அந்நிலையை எட்ட 2017 ஆயிற்று. அதற்குள் மின்வெட்டின் உச்சம் பெருமளவு கடந்துபோயிருந்தது. பணகுடி, முப்பந்தல் வட்டாரத்தின் காற்றாலைகள் அருகிலேயே சுழன்றுகொண்டிருந்தும், மாற்று வழிகளின் ஒப்பீடு மக்கள் முன் வைக்கப்படவில்லை. வளர்ச்சி வேண்டும் என்பது ஒரு கூற்று. இந்த வளர்ச்சியே வேண்டும் என்பது வேறொரு கூற்று. இரண்டாவதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

மூன்றாம் விடை: வாழ்வுரிமையும் ஒப்புதலும்

உதயகுமாரனின் இயக்கம் நிற்குமிடம் இது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் வாழ்வாதாரமும் பாதுகாப்பான சூழலும் அடங்கும். அவற்றைப் பாதிக்கும் முடிவில் பாதிக்கப்படுவோருக்கு இடம் வேண்டும். ஐரோப்பாவின் 1998 ஆர்ஹுஸ் உடன்படிக்கை இதையே மூன்றாகப் பிரித்தது: தகவல் பெறும் உரிமை, முடிவில் பங்கேற்கும் உரிமை, நீதி நாடும் உரிமை. இந்தியா அதில் சேரவில்லை. ஆஸ்திரியா 1978இல் ஸ்வென்டென்டார்ஃபில் கட்டி முடித்த அணுமின் நிலையத்தை வாக்கெடுப்புக்கு விட்டது, மிகக் குறுகிய வேறுபாட்டில் மக்கள் மறுத்தனர், உலை இயங்கவேயில்லை.

இயக்கத்தின் முயற்சிகளில் அதிகம் பேசப்படாதது தகவல் உரிமைச் சட்டத்தின் வழி நடந்த போராட்டம். கூடங்குளம் தல ஆய்வு அறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் உதயகுமாரன் கோரினார். 2012 ஏப்ரல் 30 அன்று மத்தியத் தகவல் ஆணையம் அவற்றை வெளியிட உத்தரவிட்டது. நிலையத்தை நடத்தும் அணுமின் கழகம் உயர் நீதிமன்றத்தை நாடியது. அயல்நாட்டு நிறுவனத்தின் வணிக ரகசியம் என்ற காரணம் அங்கே முன்வைக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரின் ரகசியம் பெரிதா, வேலிக்கு அப்பால் வாழ்பவரின் அறியும் உரிமை பெரிதா என்ற கேள்வி இதைவிடத் தெளிவாக எழுந்ததில்லை.

இந்நிலைப்பாட்டின் குறையும் சிறிதல்ல. யாருடைய ஒப்புதல்? கிராமமா, தாலுகாவா, மாவட்டமா? நிலம் கொடுத்துவிட்டு வேலையை எதிர்பார்த்த உள்நாட்டு ஊர்களும், கடலை நம்பிய கரை ஊர்களும் ஒரே மனநிலையில் இல்லை. சாதி, சமயக் கோடுகள் அந்த வேறுபாட்டைக் கூர்மையாக்கின. கருத்து மாறுபாட்டை அளக்கும் வழி எதுவும் இல்லாதபோது, பந்தலின் கூட்டமும் தேர்தலின் எண்ணிக்கையும் வேறுவேறு கதை சொல்கின்றன. உலை வேண்டாம் என்ற முழு மறுப்பு, எந்த நிபந்தனையோடு இயங்கலாம் என்ற பேச்சுக்கும் இடம் வைக்கவில்லை.

நான்காம் விடை: மாநிலத்தின் குரல்

2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது, மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்ததால் தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. அதே மாதம்தான் தமிழக அமைச்சரவையின் கூடங்குளம் தீர்மானமும் வந்தது. ஒன்று ஒப்பந்தத்தை நிறுத்தியது. மற்றொன்று ஆறு மாதம் வேகத்தைக் குறைத்தது. மாநில அரசுகள் அயலுறவில் இடையீட்டாளராக இருக்க முடியும் என்று கூட்டாட்சியாளர்கள் கூறுவதற்குத் தீஸ்தா சான்று. அந்தக் குரல் அரசியல் கணக்குக்கு ஏற்ப மாறும், கடைக்கோடிக் கரைக்கு அது நிலையான காவல் அல்ல என்பதற்குக் கூடங்குளம் சான்று.

ஐந்தாம் விடை: நிபந்தனையோடு இசைவு

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நடுவழியை நாடியது. அணுசக்திக் கொள்கை அரசின் முடிவு என்று ஏற்று, உலை இயங்க அனுமதித்தது. கூடவே 15 வழிகாட்டுதல்களை விதித்தது: பாதுகாப்பு ஆய்வு, அவசரகால ஒத்திகை, கழிவுக்கான நிலையான தீர்வு எனப் பலவும் அவற்றில் இருந்தன. ஊரில் அமைதி திரும்பும்பொருட்டுப் போராட்டக்காரர் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் கூறியது.

இதன் பலம், உரிமையையும் தேவையையும் ஒரே தாளில் எழுதியது. பலவீனம், நிறைவேற்றத்தில். செலவழிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்குக்கு 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது; 2018இல் அது 2022 வரை நீட்டிக்கப்பட்டது. அந்தக் கிடங்குக்கென 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் உறுதிசெய்தது. உலையை இயக்கும் கணினிகள் பாதிக்கப்படவில்லை என்றது. வழக்குகளில் பெரும்பகுதி கட்டங்கட்டமாகத் திரும்பப் பெறப்பட்டாலும், எஞ்சியவை பல குடும்பங்களின் கடவுச்சீட்டையும் வேலைவாய்ப்பையும் நீண்ட காலம் தடுத்தன.

அந்நியக் கை என்ற குற்றச்சாட்டு

2012 பிப்ரவரியில் வெளியான பேட்டியில் பிரதமர், அமெரிக்காவையும் ஸ்காண்டிநேவிய நாடுகளையும் சார்ந்த தொண்டு நிறுவனங்கள் போராட்டத்தின் பின்னால் இருப்பதாகக் குறிப்பிட்டார். வெளிநாட்டு நிதி பெற்ற சில அமைப்புகளின் கணக்குகள் ஆராயப்பட்டன. உதயகுமாரனின் அயல்நாட்டுக் கல்வியும் தொடர்புகளும் சந்தேகத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. போட்டி நாடுகள் ரஷ்யத் திட்டத்துக்கு இடையூறு செய்ய விரும்பலாம் என்ற ஐயம் கொள்கையளவில் தவறல்ல. வெளிநாட்டு நிதிக்கு வெளிப்படைத்தன்மை கேட்பதும் நியாயமே. ஆனால் ஒருவருடைய வாதம் சரியா என்பதை அவர் எங்கே படித்தார் என்பது தீர்மானிப்பதில்லை. அதோடு, உலையே அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தாலும் கடனாலும் வந்தது. முதலீடு எல்லை கடக்கலாம், அக்கறை மட்டும் கடக்கக் கூடாது என்ற நிலை தர்க்கத்தில் நிற்காது.

இழப்பீட்டுச் சட்ட விவாதமும் இங்கே சேர்கிறது. போபாலின் நினைவோடு 2010இல் வந்த அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம், நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாயாக வரையறுத்து, பழுதான கருவி தந்த நிறுவனத்திடம் ஈடு கோரும் உரிமையையும் வழங்கியது. மூன்றாம், நான்காம் உலைகள் பற்றிய 2008 ஏற்பாடு முந்தையது என்று கூறி ரஷ்யா அதை எதிர்த்தது. விபத்து நேர்ந்தால் யார் ஈடு தருவார் என்ற வாழ்வுரிமைக் கேள்வி, இரு நாட்டுப் பேரத்தின் ஒரு வரியாக மாறியது.

ஆற்றங்கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

கூடங்குளம் தாமிரபரணி பாயாத வறண்ட தெற்கு. ஆற்றுப் படுகையிலும் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தின் அந்நியக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் தருவதை எதிர்த்த வழக்கில், 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. முடிவு மனுதாரர்களுக்குச் சாதகமாக இல்லை. ஆயினும் எவ்வளவு நீர், என்ன விலை, உபரியா இல்லையா என்ற கணக்குகள் திறந்த நீதிமன்றத்தில் பேசப்பட்டன. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம் குறுக்கே இல்லாதபோது விவரம் வெளியே வருவது எளிதாகிறது என்று இதிலிருந்து கருதலாம்.

மதிப்பீடு

இந்த ஐந்து விடைகளில் எதுவும் தனித்து முழுமையானதல்ல. வெளியுறவுக்கு ஒரே குரல் வேண்டும் என்பதும், மின்சாரம் வேண்டும் என்பதும் மறுக்க முடியாதவை. ஒவ்வோர் ஊருக்கும் மறுப்புரிமை என்பது நடைமுறைக்கு எளிதல்ல. ஆனால் கேட்கும் கடமை வேறு, மறுக்கும் உரிமை வேறு. இந்த வேறுபாட்டை எந்தத் தரப்பும் போதிய அளவு வளர்க்கவில்லை.

உதயகுமாரன் பொதுவாழ்வின் பயன், உலையை நிறுத்தியதா என்று அளக்கத்தக்கதல்ல, அது நிற்கவில்லை. இரண்டு உலைகள் இயங்குகின்றன, நான்கு எழும்புகின்றன. பன்னாட்டு ஒப்பந்தத்தின் விதியை மீனவப் பெண்கள் தங்கள் ஊர்ப் பந்தலில் எடுத்துப் பேசும் பொருளாக்கியதே அவர் சாதனை. அதை நிலையான அமைப்பாகவோ சட்டமாகவோ ஆக்க இயலாதது அவர் பணியின் எல்லை. பெரும்பாலும் அமைதியாக, நீண்ட காலம், பெண்கள் முன்னின்று நடத்திய போராட்டத்தைத் தேசத்துரோகமாகப் பதிந்தது அரசின் பிழை என்பதே என் முடிவு. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124-ஏவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் புதிய குற்றச் சட்டம் வேறு பெயரில் அதற்கு நிகரான பிரிவைக் கொண்டுவந்தது.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்று. ஒப்பந்த வாசகத்தை, பாதிக்கப்படும் வட்டாரத்துக்காவது அதன் மொழியில் வெளியிடும் கடமையைச் சட்டமாக்குவது எப்படி? ஒப்புதலை அளக்கும் எல்லையை யார் வரைவது? ஒப்பந்தம் பின்னால் மாறினால் மக்களை மறுபடி கேட்க வேண்டுமா? மூன்றாவதே மிக அவசரமானது. 1988இல் திரும்பிப் போவதாக இருந்த எரிபொருள் 1998இல் இங்கேயே தங்குவதாயிற்று. அந்த எரிபொருளுக்கு இறுதியான இடம் எது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.